குன்றிய உயரமும் வளர்ச்சி ஹார்மோனும்: தாம்பரம் புறநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உயரம் வயதுக்கு ஏற்றதாக இல்லையெனில், வளர்ச்சி ஹார்மோன் போதவில்லையோ என்ற ஐயம் எழுவது இயல்பு. பரிசோதனைக் கூடங்கள் மலிந்த தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் அந்த ஐயம் விரைவிலேயே ஓர் இரத்த அறிக்கையாகிவிடும். ஆனால் அந்த அறிக்கை, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றிச் சொல்வதைவிடக் குழந்தையின் உணவையும் குடலையும் பற்றியே அதிகம் சொல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1960களில் கேப் டவுனில் பிம்ஸ்டோன் என்ற ஆய்வாளரின் குழுவினர், குவாஷியோர்கர் என்னும் புரதக் குறைபாட்டு நோய் கண்ட குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்கவில்லை, மிகுந்திருந்தது; புரதம் ஊட்டியதும் இறங்கியது. குறைந்திருப்பது ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணி என்பது பின்னர் தெளிவாயிற்று. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் இக்காரணிக்கு எலும்பை நீளச்செய்வதில் பெரும்பங்கு உண்டு. ஆற்றலும் புரதமும் குறையும்போது இன்சுலின் தாழ்கிறது; வளர்ச்சி ஹார்மோனுக்குக் கல்லீரல் இணங்க மறுக்கிறது; ஐஜிஎஃப்-1 சரிகிறது. ஐஜிஎஃப்-1இன் கட்டுப்பாடு தளர்ந்ததால் பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனை மேலும் சுரக்கிறது. இந்த மிகைச் சுரப்பு கொழுப்பைக் கரைத்து உடலுக்கு எரிபொருள் தருகிறது. சவலை பாய்ந்த பிள்ளையின் உடல் வளர்வதை ஒத்திவைத்துப் பிழைத்திருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றுவது, ஏற்கெனவே கேளாத காதில் மேலும் உரக்கக் கத்துவதே.

குட்டையாக இருந்தாலும் நலமே என்ற கருதுகோளைப் பொருளியலாளர் டேவிட் செக்லர் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்தபோது, சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் அதைக் கடுமையாக மறுத்தார். மேற்சொன்ன ஹார்மோன் மாற்றத்தைத் தகவமைவு என்று செக்லர் தரப்பினர் கூறலாம், அதில் தவறில்லை. பற்றாக்குறைக்கு உடல் கண்ட தகவமைவை நலம் என்று பெயரிடுவதுதான் தவறு.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் உடல் மெலிவு 2015–16இல் 19.7 விழுக்காடாக இருந்து 2019–21இல் 14.6ஆகக் குறைந்தது. வளர்ச்சி குன்றல் 27.1இலிருந்து 25.0க்கு மட்டுமே இறங்கியது. எடை மீண்ட வேகத்தில் உயரம் மீளவில்லை. தாம்பரத்துக்கெனத் தனி எண் இந்த ஆய்வில் இல்லை. தாம்பரம் அடங்கிய பழைய காஞ்சிபுரம் மாவட்டம் முழுவதையும் அது ஒன்றாகவே எண்ணியது. பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககமும் செங்கற்சூளையும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிட்டன.

அந்தச் சராசரி மறைப்பதில் முதன்மையானது குடல். ஜிம்பாப்வேயில் வளர்ச்சி குன்றிய கைக்குழந்தைகளிடம் நீடித்த அழற்சியும் தாழ்ந்த ஐஜிஎஃப்-1உம் சேர்ந்திருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. வயிற்றுப்போக்கு வெளித்தெரியாதபோதும் குடல் தொற்று வளர்ச்சியைத் தடுப்பதை, வேலூரும் ஒரு களமாக இருந்த எட்டு நாட்டு ஆய்வு பதிவுசெய்தது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஆனால் குடல் தொற்றுக்கு வழிவிடும் கழிவுநீர்த் தொட்டியும் தண்ணீர் லாரியும் பல தெருக்களில் அப்படியே தொடர்ந்தன. அருகிலுள்ள பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் நெரிசல் வேறு. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் கழிப்பறை, கைகழுவுதல், குளோரின் என வீட்டளவில் செய்த ஏற்பாடுகள் உயரத்தைக் கூட்டவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. என் கணிப்பில் இது தூய்மைக்கு எதிரான சான்றன்று. அரைகுறைத் தூய்மை போதாது என்பதற்கான சான்று.

ஹார்மோன் அச்சம் வேறு வழியிலும் தீங்கு செய்கிறது. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று நம்பிக் குழந்தைக்குக் கோழிக்கறியை மறுக்கும் வீடுகள் உண்டு. அக்கோழி விரைந்து வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் புரதமாதலால் வாய்வழி சென்றால் செரித்துப்போகும். இல்லாத ஹார்மோனுக்கு அஞ்சி, ஐஜிஎஃப்-1 சுரக்கத் தேவையான புரதத்தை ஒதுக்குகிறோம்.

உண்மையான வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு ஏறத்தாழ 4,000 முதல் 10,000 குழந்தைகளுக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. மாநில விகிதப்படி 10,000 பேரில் குன்றியவர் 2,500. அவர்களுள் ஹார்மோன் குறையுள்ளவர் ஒருவர் முதல் மூவர் வரை. அவர்களைப் பகலில் ஒருமுறை எடுத்த இரத்தம் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுத் துடிப்பாக, பெரிதும் ஆழ்ந்த உறக்கத்தில் சுரக்கிறது. ஐஜிஎஃப்-1உம் சிறு வயதில் இயல்பிலேயே தாழ்ந்திருக்கும். அரைப்பட்டினி அதை மேலும் தாழ்த்தும்.

சத்துக்குறையையும் ஹார்மோன் குறையையும் பிரித்தறியும் கருவி அங்கன்வாடியிலேயே இருக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மாதந்தோறும் எடை பார்க்கும் பழக்கத்தை ஊன்றியது. உயரம் அளப்பது பின்தங்கியே வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கிடத்தித்தான் அளக்க வேண்டும். அழும் குழந்தையின் முழங்கால் மடங்கினால் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். இருவர் பிடித்தாலொழிய அளவு தேறாது. அவ்வாறு ஆறு மாத இடைவெளியில் இருமுறை அளந்தால் வேறுபாடு தெரியும். எடை முதலில் சரிந்து உயரம் பின்தொடரும் குழந்தைக்குச் சத்துமாவும் முட்டையும் குடல்நோய்ச் சிகிச்சையும் முதல் மருந்து. எடை தேறியிருக்க உயரம் மட்டும் நின்றுபோன குழந்தை, பிறந்தவுடன் காரணமின்றி இரத்தச் சர்க்கரை தாழ்ந்த குழந்தை ஆகியோரைச் சத்துமாவு கொடுத்துக் காத்திருக்கச் செய்யக் கூடாது. எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு முதலில் அனுப்பவேண்டியது அவர்களைத்தான்.