தண்ணீர் சுமக்காத தீயணைப்பு வண்டி

தீயணைப்பு வண்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிவப்பு நிறம், மணிச் சத்தம், மேலே ஏணி, உள்ளே தண்ணீர். ஆனால் நியூயார்க் நகரத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக வேறு ஒரு வகை வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. பம்ப் கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் ரம்பம், ஜாக்கி, கடப்பாரை, கயிறு, கப்பி, இரும்பு வெட்டும் கேஸ், மூச்சுக் கருவி இப்படித்தான். நடமாடும் பட்டறை என்றே சொல்லலாம். தீயை அணைக்க வேறு வண்டிகள் வரும். இது மாட்டிக்கொண்ட மனிதனை வெளியே எடுக்க வருகிற வண்டி. இதற்கு ரெஸ்க்யூ கம்பெனி என்று பெயர். அங்கே தீயணைப்புத் துறையில் கம்பெனி என்றால் ஒரு வண்டியும் அதற்குரிய ஆட்களும் சேர்ந்த ஒரு பிரிவு, அவ்வளவுதான்.

இந்த வண்டி பிறந்த கதையில் ஒரு ஸ்ட்ராங் ரூம் வருகிறது. நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன். இரண்டு சாவி, இரண்டு கையெழுத்து, இரும்புக் கதவு என்று வாழ்ந்தவனுக்கு இந்தக் கதையை மறக்க முடியவில்லை.

1912 ஜனவரி 9, விடியற்காலை. நியூயார்க்கில் பிராட்வே 120-ஆம் எண் கட்டடம், ஈக்விடபிள் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துடையது. 1870-இல் கட்டியது, ஆட்கள் ஏறி இறங்கும் லிஃப்ட் வைத்த முதல் அலுவலகக் கட்டடம் என்று அதற்குப் பேர். தீயே பிடிக்காது என்றும் அதன் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். அடித்தளத்தில் ஓர் உணவு விடுதி. அங்கே குப்பைக் கூடையில் யாரோ அணைக்காமல் போட்ட தீக்குச்சியிலிருந்து தீ கிளம்பியது என்று பிறகு சொன்னார்கள். லிஃப்ட் ஓடும் சுரங்கம் போன்ற பாதை வழியாக அது மேலே மேலே ஏறிவிட்டது. சௌகரியத்துக்காக வைத்த வழியே தீக்குப் புகைபோக்கி ஆயிற்று.

அன்றைக்குக் கடுங்குளிர், பேய்க்காற்று. பீய்ச்சிய தண்ணீர் சுவரில் பட்ட இடத்தில் அப்படியே உறைந்தது. உள்ளே எரிகிறது, வெளியே பனிக்கட்டி மாளிகை. அந்தப் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. பார்த்தால் தீ விபத்துப் படம் என்றே நம்ப மாட்டீர்கள்.

அதே கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் மெர்க்கண்டைல் சேஃப் டெபாசிட் என்ற பாதுகாப்புப் பெட்டக நிறுவனம் இருந்தது. அதன் தலைவர் வில்லியம் ஜிப்ளின் தன் காவலர்களுடன் உள்ளே போனார். தலைவரே ஏன் போனார் என்று என் மனைவி கேட்டாள். சாவி வைத்திருந்தவர்களுக்குத்தான் அது புரியும் என்றேன். உள்ளே போனவர்களுக்குப் பின்னால் கனத்த கதவு மூடிப் பூட்டிக்கொண்டது. மறு பக்கம் நடைபாதை மட்டத்தில் ஒரு ஜன்னல். அதில் இரண்டு அங்குல கனத்தில் இரும்புக் கம்பிகள். திருடன் உள்ளே வராமல் இருக்க வைத்தவை. அவை திருடனுக்கும் சாவி வைத்திருப்பவனுக்கும் வித்தியாசம் பார்க்குமா?

கம்பிக்குப் பின்னால் நின்று கத்தியவர்களின் குரல் வெளியே கேட்டது. செனகா லார்க் என்ற தீயணைப்பு வீரர் தரையில் குப்புறப் படுத்து, சாதாரண ஹாக்சா பிளேடால் அந்தக் கம்பிகளை அறுக்க ஆரம்பித்தார். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். பிளேடு மழுங்கும், உடையும், வேறு கொடுப்பார்கள். மேலிருந்து தண்ணீரும் எரிந்த துண்டுகளும் விழுந்துகொண்டிருந்தன. உடுப்பு நனைந்து உறைந்து அவரைத் தரையோடு ஒட்டிவிட்டது. கம்பி அறுபடும் என்ற நம்பிக்கை குறைந்துபோய், துறையின் பாதிரியார் ஜன்னலருகே வந்து உள்ளே இருப்பவர்களுக்குக் கடைசி நேரப் பிரார்த்தனையையும் சொல்லி முடித்தார். அதன் பிறகும் லார்க் அறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு வழியாகக் கம்பி விட்டது. ஜிப்ளினையும் இன்னொரு காவலரையும் இழுத்து வெளியே போட்டார்கள். அவர்களோடு இருந்த கேம்ப்பியன் என்பவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

அன்றைய தீயில் மொத்தம் 6 பேர் போனார்கள். வால்ஷ் என்ற தீயணைப்பு அதிகாரியும் அதில் ஒருவர். பெட்டகங்களில் இருந்த கோடிக்கணக்கான டாலர் பத்திரங்கள் பத்திரமாக இருந்தன. ஒரு காகிதம் கருகவில்லை என்று நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. வங்கிக்காரன் என்ற முறையில் நானும் ஒரு காலத்தில் இதைப் படித்துச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் வேறு. 1912-இல் இரும்பை வெட்ட ஹாக்சாவை விட்டால் வழியில்லையா? இருந்தது. ஆக்சிஜனையும் அசிட்டிலின் வாயுவையும் கலந்து எரிக்கும் டார்ச், நம் ஊர் லேத் பட்டறைகளில் கேஸ் கட்டிங் என்று சொல்கிறோமே அது, பிரான்ஸில் 1903 வாக்கிலேயே வந்துவிட்டது. பட்டறைகளில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இரும்பு பழுக்கச் சூடானதும் ஆக்சிஜனைப் பாய்ச்சினால் இரும்பே எரிந்து வழிந்து வழி விடும். இரண்டு அங்குலக் கம்பிக்கு நிமிடக் கணக்குதான். கருவி உலகத்தில் இருந்தது. தீயணைப்பு வண்டியில் இல்லை.

அதற்கு முந்திய வருடமும் இப்படித்தான். 1911 மார்ச் 25-ஆம் தேதி அதே நகரத்தில் ட்ரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் இறந்தார்கள்; பெரும்பாலும் இளம் பெண்கள். தொழிற்சாலை இருந்தது 8, 9, 10-ஆம் மாடிகளில். துறையின் ஏணி எட்டியது 6-ஆம் மாடி வரைதான். கட்டடம் கட்டுகிறவனுக்கு அனுமதி கொடுத்த நகரம் ஏணியின் நீளத்தைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

ஈக்விடபிள் தீக்குப் பிறகாவது உடனே வண்டி வந்ததா என்றால் வரவில்லை. மூன்று வருடம் போயிற்று. ஆபீஸில் ஃபைல் நகரும் வேகம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இன்னொரு விபத்து வேண்டியிருந்தது.

1915 ஜனவரி 6. நியூயார்க்கின் சுரங்க ரயில் ஓட ஆரம்பித்து அப்போது பத்து வருடம்தான் ஆகியிருந்தது. காலை, எல்லோரும் வேலைக்குப் போகிற நேரம். பிராட்வேக்கு அடியில் மின்சாரக் கேபிள்கள் எரிந்து சுரங்கம் முழுக்கப் புகை. தீ பெரிதில்லை, புகைதான் எமன். ரயில்கள் நடுவழியில் நின்றுவிட, இருட்டில் நூற்றுக்கணக்கான பயணிகள் மூச்சுத் திணறினார்கள். ஓர் உயிர் போயிற்று. இறங்கிப்போன தீயணைப்பு வீரர்களும் சுருண்டு விழுந்தார்கள், ஏனென்றால் அவர்களிடம் இருந்ததும் நம்மைப் போல ஒரு மூக்கும் இரண்டு நுரையீரலும்தான். புகையைத் தாங்குவது அன்றைய வீரர்களுக்கு ஒரு பெருமை. புகை தின்னிகள் என்றே அவர்களுக்குப் பட்டப்பெயர். முகமூடி கேட்பது கோழைத்தனம் போல.

இரண்டு மாதத்தில், 1915 மார்ச் 8-ஆம் தேதி, ரெஸ்க்யூ கம்பெனி 1 தொடங்கப்பட்டது. துறைத் தலைவர் ஜான் கென்லன். பிரிவின் முதல் கேப்டன் ஜான் மெக்எலிகாட். இவர் பின்னாளில் துறையின் ஆணையராகவே ஆனவர். ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உயரம், மார்பளவு, சீனியாரிட்டி என்று பார்க்காமல் கைத்தொழில் பார்த்து எடுத்தார்கள். துறைக்கு வருமுன் எலக்ட்ரீஷியனாகவும் மெஷினிஸ்டாகவும் இருந்தவர்கள், பளு தூக்கும் வேலையில் கயிறும் கப்பியும் பழகியவர்கள் இப்படி. பூட்டும் நட்டும் அறிந்தவனுக்குத்தானே அதைப் பிரிக்கத் தெரியும்.

வண்டி? கடைகளில் கிடைக்கிற வண்டியா அது. துறையின் சொந்தப் பட்டறையில் ஒரு காடிலாக் காரை எடுத்து, பின்பகுதியை மாற்றி, பக்கத்தில் பெட்டிகள் வைத்து உருவாக்கினார்கள். அந்த வருடம் அந்த ஊரில் பல தீயணைப்பு வண்டிகளைக் குதிரைகள்தான் இழுத்துக்கொண்டிருந்தன. கடைசிக் குதிரை வண்டி ஓய்வு பெற்றது 1922 டிசம்பரில். அந்தக் குதிரைகளுக்கு நடுவே பணக்காரர் போகிற காடிலாக்கில் ஒரு சிறு குழு கிளம்பினால் மற்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கேஸ் கட்டிங் டார்ச் அதில் இருந்தது. லார்க்கின் ஒன்றரை மணி நேரத்துக்குக் கிடைத்த பதில் அது. கயிற்றை மாடிக்குச் சுட்டு அனுப்பும் துப்பாக்கி இருந்தது. கரை தட்டிய கப்பலில் இருந்து ஆட்களை மீட்கப் பயன்பட்ட சாதனம். மயங்கியவர்களுக்கு மூச்சு கொடுக்கும் புல்மோட்டார் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக டிரேகர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் புகைக் கவசம்.

இந்தக் கவசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது தீயணைப்புக்காக மட்டும் வந்ததல்ல, நிலக்கரிச் சுரங்கம் வழியாகப் புகழ் பெற்றது. 1906 மார்ச்சில் பிரான்ஸில் கூரியேர் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டு 1,099 பேர் இறந்தார்கள். ஜெர்மானிய மீட்புக் குழுவினர் இந்தக் கருவியை மாட்டிக்கொண்டு விஷவாயுவுக்குள் இறங்கினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சுரங்க மீட்பு வீரர்களுக்கு டிரேகர்மேன் என்றே பெயர் விழுந்துவிட்டது. இது புகையை வடிகட்டுகிற துணி முகமூடி அல்ல. மரக்கரியோ ஈரத்துணியோ வைத்து வடிகட்டினால் தூசு நிற்கும், கார்பன் மோனாக்சைடு நிற்காது. காற்றில் பிராணவாயுவே குறைந்துபோனால் வடிகட்டி என்ன செய்யும்? டிரேகர் கருவி வெளிக்காற்றையே தொடாது. நாம் விடும் மூச்சை ஒரு குழாய் வழியாகக் காரப்பொருள் நிரம்பிய டப்பாவுக்கு அனுப்பும். கரியமில வாயு அங்கேயே தங்கிவிடும். குறைந்த பிராணவாயுவை முதுகில் உள்ள சிலிண்டர் ஈடு செய்யும். அதே காற்று திரும்பவும் மூச்சுக்கு வரும். கனமானது, உள்ளே வெந்து போகும், பழக்கமில்லாதவன் பயந்து கழற்றிவிடுவான். அதனால்தான் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டியிருந்தது.

அதே 1915-இல் பழைய ஈக்விடபிள் நின்ற இடத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. முன்னதைவிடப் பல மடங்கு பெரிது. அதன் நிழல் அக்கம்பக்கத் தெருக்களையே மூடிவிட, இனி இப்படிக் கட்டக்கூடாது என்று மறு வருடமே நகரம் சட்டம் போட்டது. நிழலுக்கு ஒரே வருடம், ஹாக்சாவுக்கு மூன்று வருடம்.

பிறகு புரூக்ளினில் இரண்டாவது வண்டி 1925-இல் வந்தது. மூன்றும் நான்கும் 1931-இல். இன்று ஐந்து இருக்கின்றன. காடிலாக் போய்ப் பெரிய லாரிகள் வந்தன. ஒவ்வொரு கருவியும் வேறொரு துறையிலிருந்து வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. நசுங்கிய காரைப் பிளந்து ஆளை எடுக்கும் ஹைட்ராலிக் கருவி 1960-களில் கார் பந்தயக்காரர்களுக்காக யோசித்தது. இடிபாட்டைத் தூக்கும் காற்றுப் பைகள், அடியில் முனகல் கேட்கிறதா என்று கேட்கும் ஒலிக் கருவிகள் என்று வண்டி பெருத்துக்கொண்டே போயிற்று.

1985 ஜனவரியில் ரெஸ்க்யூ 1 குடியிருந்த நிலையமே பக்கத்துக் கிடங்கில் பிடித்த தீயில் அழிந்தது. திரும்ப அதே தெருவில் கட்டிக்கொண்டார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத்தில் மாண்ட 343 தீயணைப்பு வீரர்களில் அந்த ஒரு பிரிவைச் சேர்ந்தவர்கள் மட்டும் 11 பேர், கேப்டனும் சேர்த்து. புது வண்டியை ஒரு தொழிற்சாலையில் ஆர்டர் செய்து வாங்கிவிடலாம். கம்பியின் சத்தத்தை வைத்தே கட்டடம் சரியப் போகிறது என்று சொல்லக்கூடிய கேப்டனை எங்கே ஆர்டர் செய்வது?

நம் ஊரிலும் துறையின் பெயரில் மீட்பு சேர்ந்து வெகு நாளாகிறது. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்று வண்டியிலேயே எழுதியிருக்கும். கிணற்றில் விழுந்த மாடு, கொல்லையில் புகுந்த பாம்பு, குண்டானுக்குள் தலையை விட்டுக்கொண்ட குழந்தை, எதற்கும் நாம் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். வருகிறார்கள், கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

2019 தீபாவளி ஞாபகம் இருக்கும். மணப்பாறை பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நாடே நாலு நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு கருவி கொண்டு வந்தார்கள். தாங்களே செய்தவை, அங்கேயே மாற்றி அமைத்தவை. பக்கத்தில் குழி தோண்டப் பெரிய ரிக் இயந்திரம் வந்தது, பாறை விடவில்லை. வந்தவர்களின் உழைப்பில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் நிலைமையும் நடைபாதையில் குப்புறப் படுத்திருந்த லார்க்கின் நிலைமைதான். அதற்கு முன்பும் இதே மாதிரிக் குழிகளில் குழந்தைகள் விழுந்திருக்கின்றன. அன்றைக்கு ஓடி வந்து யோசித்ததை முந்தின விபத்தோடேயே யோசித்து, செய்து, சோதித்துப் பார்த்து, ஒரு வண்டியில் ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1975 ஜூலையில் எரிந்ததைப் பற்றித் தனியாக எழுத எண்ணம். அன்று தெருவில் நின்று பார்த்தவர்கள், அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். ஏணி எந்த மாடி வரை போயிற்று என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.