எரிசாராயம் தரும் வெப்பம்

உத்தரப் பிரதேசத்திலோ மகாராஷ்டிரத்திலோ குடியேறிய நம்மவர், சர்க்கரை ஆலைகளை அடுத்த வடிசாலைகளைக் கடக்கையில் புளித்த மணத்தை நுகர்ந்திருப்பர். கரும்பின் கழிவுப்பாகு நொதித்து எரிசாராயமாகும் மணம் அது. அதனைப் பெட்ரோலுடன் கலப்பதற்கென 1948இலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. லிட்டருக்கு லிட்டர் இரண்டும் ஈடாகுமா? இவ்வினாவுக்கு விடை தரும் அளவைகள் அதற்கு நெடுநாள் முன்னரே ஐரோப்பாவில் கிடைத்துவிட்டன.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லவாய்சியரும் லாப்லாசும், உருகும் பனிக்கட்டியின் எடையைக் கொண்டு வெப்பத்தை அளந்தனர். அடுத்த நூற்றாண்டின் நடுவில் ஃபாவரும் சில்பர்மானும் ஆல்கஹால்களை எரித்து அளந்தனர். கோபன்ஹேகனில் தாம்சன் அவற்றை ஆவியாக்கி எரித்தார். 1881இல் பெர்த்தலோ, அழுத்திய பிராணவாயு நிறைந்த எஃகுக் கலத்தில் எரிக்கும் முறையை வகுத்தார். அக்கலத்துக்குக் 'குண்டு' என்றே பெயர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா, வெடிக்காதிருக்கும்படி தடித்த சுவருடன் செய்யப்பட்டது அது.

இன்றைய அளவைகளின்படி, ஒரு கிராம் மெதில் ஆல்கஹால் ஏறக்குறைய 5.4 கிலோ கலோரி தருகிறது. குடித்தோர் கண்ணொளியைப் பறிக்கும் மரச்சாராயம் இதுவே. எரிசாராயமாகிய எதில் ஆல்கஹால் 7.1, புரோபைல் 8.0, பியூட்டைல் 8.6 எனக் கணக்கு ஏறுகிறது. பெட்ரோலோ 11ஐ எட்டுகிறது. இவ்வேற்றத்தின் காரணம் எளியது. ஒவ்வொரு ஆல்கஹால் மூலக்கூறிலும் பிராணவாயு அணு ஒன்று உண்டு. மெதிலின் எடையில் சரிபாதி அது. எதிலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பியூட்டைலில் ஐந்தில் ஒரு பங்கே. அதாவது ஆல்கஹால் ஓரளவு முன்னமே எரிந்துவிட்ட பொருள். விறகில் ஈரத்தையும் சேர்த்து விலைகொடுத்து வாங்குவது போன்றதே இதுவும்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் 2000இல் நீக்கப்பட்டது. 2003இல் சில மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்காகக் கலப்பு மீண்டும் தொடங்கி, 2025இல் 20 பங்காயிற்று. லிட்டர்க் கணக்கில் எரிசாராயத்தின் வெப்பம் பெட்ரோலினுடையதில் மூன்றில் இரண்டு பங்களவே. ஆகையால் இக்கலவையில் வெப்பம் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு குறைகிறது. கரும்பு விளைப்போர்க்கு வருவாயும், அயல்நாட்டு எண்ணெய்ச் செலவில் மிச்சமும் வேண்டத்தக்கவையே. எனினும் விலை வகுப்போர் இக்குறைவையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து. எரிசாராயம் மிகுந்த அழுத்தத்தைத் தாங்குவதால், அதற்கென அமைந்த எஞ்சின் இழப்பில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். பழைய வண்டிக்கு அவ்வசதி இல்லை.