புனேயில் நாட்குறிப்பு: மோடி ஏடு முதல் உரைக்கோப்பு வரை

மராட்டிய அரசின் முதலமைச்சர்களான பேஷ்வாக்கள் காலத்துப் புனேயில் அன்றாடம் எழுதப்பட்ட அரசுப் பதிவேட்டுக்கு ரோஜ்கீர்த் என்று பெயர். வரவு, செலவு, மானியம், அபராதம், பிறப்பித்த ஆணை என்று அன்றைக்கு நடந்தவை தேதிவாரியாக அதில் ஏறின. ஏறத்தாழ அதே காலத்தில், 1736 முதல் 1761 வரை, புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியது தனி மனிதரின் குறிப்பு. கோபமும் ஆதங்கமும் அதில் உண்டு. புனேயின் ஏட்டில் அரசாங்கமே தன் நாளை எழுதிக்கொண்டது. அதை எழுதிய குமாஸ்தாக்கள் தங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

ஏட்டின் எழுத்து மோடி. தாளின் குறுக்கே முதலில் தலைக்கோடுகளை இழுத்துவிட்டு, நாணல் பேனாவால் எழுத்துகளை அந்தக் கோட்டிலிருந்து தொங்கவிட்டபடியே எழுதிச் செல்வார்கள். பேனாவைத் தூக்குவது குறைவு; சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. வழக்கமான சொற்களை ஓரிரு எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். எழுதுகிறவருக்கு வேகம் கிடைத்தது, படிக்கிறவருக்குத்தான் பாடு.

1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்ததும் இந்தக் காகிதக் குவியல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. யாருடைய இனாம் நிலம் செல்லும், யாருடையது செல்லாது என்று முடிவுகட்ட அவர்களுக்கு இது தேவைப்பட்டது. துணியில் கட்டிய ஆயிரக்கணக்கான ருமால்களாக அடுக்கப்பட்டுப் பேஷ்வா தஃப்தர் என்ற பெயரில் பூட்டப்பட்டது. வழக்குக்குச் சான்றாகக்கூடிய தாள்களை வெளியாருக்குக் காட்ட அரசு தயங்கியது. ஆய்வாளர்கள் உள்ளே நுழைவது அபூர்வம். கணேஷ் சிம்னாஜி வாட் எடுத்த பகுதிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுதிகளாக வெளிவந்தன. அந்தக் குறிப்புகளுக்கு முன்னுரையாக நீதிபதி மகாதேவ் கோவிந்த் ரானடே 1900இல் ஒரு கட்டுரை வாசித்தார். போர்களை விட்டுவிட்டு, நீதி, நாணயச்சாலை, மருத்துவம், அடிமை முறை, சமூக வழக்கங்கள் ஆகியவற்றுக்கு இந்த ஏடுகளில் சான்று தேடினார் அவர். அதன் பிறகும் கதவு முழுதாகத் திறக்க முப்பது ஆண்டுகள் ஆயின. வரலாற்றாசிரியர் யதுநாத் சர்க்காரின் துணையோடு மற்றொரு வரலாற்றாசிரியர் கோவிந்த் சகாராம் சர்தேசாய் தேர்ந்தெடுத்த ஆவணங்கள் 1930களின் முதற்பாதியில் 45 தொகுதிகளாக அச்சேறின.

அதற்குள் இன்னொரு பூட்டு விழத் தொடங்கியிருந்தது. அச்சுக்கு வளையாத மோடியை ஒதுக்கிவிட்டு மராத்தி பாலபோத எழுத்துக்கு, அதாவது தேவநாகரிக்கு, மாறியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மோடி புழக்கத்தில் இல்லை. வரலாற்றாய்வாளர் ராஜ்வாடே 1910இல் புனேயில் நிறுவிய பாரத் இதிகாஸ் சம்சோதக் மண்டல் போன்ற இடங்களில் அதை வகுப்பு வைத்துக் கற்பிக்க வேண்டியதாயிற்று. தஃப்தரில் பெரும்பகுதி இன்றும் படிக்கப்படாமலே கிடக்கிறது. தஞ்சை மராட்டியரின் மோடி ஆவணங்களுக்கும் இதே கதிதான். தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்ட பிறகே அவை தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் பலருக்கு எட்டின.

கணினி வந்தபோது, எழுதியதைப் படிக்க முடியாத இதே சிக்கலைப் புனே புது வடிவில் சந்தித்தது. 1988இல் அங்கே தொடங்கிய சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றும் ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்தது. 1991இல் இஸ்கி குறியேற்றம் இந்தியத் தரமாயிற்று. ஆனால் அச்சகங்களும் அலுவலகங்களும் தட்டியது பெரும்பாலும் தனியார் எழுத்துருக்களின் சொந்தக் குறியீட்டில். திரையில் மராத்தி தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பைதான் வரும். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை வைத்துக்கொண்டு தவித்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 1999இல் டாப், டாம் என இரண்டு குறியேற்றங்களைத் தரமாக்கியும் குழப்பம் தீரவில்லை.

தீர்த்தது யுனிகோடு. இந்திய மொழிகளுக்கான அதன் அடுக்கு இஸ்கியின் 1988 வடிவத்தை ஒட்டியது என்பதால், தமிழை நாகரியின் அச்சில் வார்த்துவிட்டார்கள் என்ற மனக்குறை தமிழ்க் கணிமையாளரிடம் இன்னும் உண்டு. யுனிகோடு எழுத்தைக் காட்டக் கட்டற்ற எழுத்துருக்களும் வேண்டியிருந்தன. ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் லோஹித் எழுத்துருக்களை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. அவற்றில் தமிழும் உண்டு. அதன் புனே அலுவலகத்தின் மொழிப் பிரிவு அவற்றைப் பராமரித்தது. ரோஜ்கீர்த் எழுதப்பட்ட மோடிக்கே 2014இல், யுனிகோடின் 7.0 பதிப்பில், இடம் கிடைத்தது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்த இன்று, சொந்த நாட்குறிப்பு எழுதத் திறமூல மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ரெட்நோட்புக் ஒரு மாதத்துக்கு ஒரு உரைக்கோப்பாக எழுதிவைக்கிறது. அந்த மென்பொருளே இல்லாவிட்டாலும் சாதாரண உரைத்திருத்தியில் திறந்து படிக்கலாம். ஜெர்னல் கட்டளை வரியில் இயங்குவது. அதுவும் உரைக்கோப்பையே நம்பியது. ஸிம் பக்கத்துக்கொரு உரைக்கோப்பு வைக்கிறது. ஜாப்ளின் குறிப்புகளைத் தரவுத்தளத்தில் வைத்தாலும் கேட்டால் மார்க்டவுன் கோப்புகளாகக் கொடுத்துவிடும். தேர்ந்தெடுக்கும்போது தோற்றத்தையும் வசதிகளையும் பார்ப்பதைவிடக் கோப்பின் வடிவத்தை முதலில் பார்ப்பதே புத்திசாலித்தனம். நிரலைப் பராமரிப்பவர்கள் ஒருநாள் விலகிவிடலாம். கோப்பு நம்மிடம்தான் இருக்கும்.

அந்தரங்கத்துக்கு வேண்டியது வேறு வகைப் பூட்டு. லைஃபோகிராஃப் நாட்குறிப்பை மறையாக்கம் செய்துவைக்கும். கடவுச்சொல்லை மறந்தால் நிரலை எழுதியவராலும் மீட்டுத்தர முடியாது. ரெட்நோட்புக்கில் அப்படியான பூட்டு இல்லை. அதில் எழுதும் லினக்ஸ் பயனருக்கு எளிய வழி, லக்ஸ் முறையில் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிடுவது. அப்போது கோப்பு உரையாகவே இருக்கும். கணினியைத் திருடியவருக்கு மட்டும் திறக்காது.