தந்தைக்குத் தெரியாத கருவி

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் கையையும் நாக்கையும்தான் நம்பினார்கள். ஆல்டன் ஊரில் ஜேம்ஸ் பாவர்ஸ்டாக் என்ற இளைஞர் வெப்பமானியைத் தம் தந்தையின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துப் பயன்படுத்தினாராம்! 1784-ல் ஜான் ரிச்சர்ட்ஸன், மால்ட்டின் சத்து எவ்வளவு நீரில் இறங்குகிறது என்பதை மிதவைக் கருவியால் அளந்து புத்தகமே போட்டுவிட்டார். மலிவென்று வாங்கிய பழுப்பு மால்ட், வெளிர் மால்ட்டைவிடக் குறைந்த சத்தே கொடுக்கிறது என்பது கணக்கில் வெளிப்பட்டது. மலிவுச் சரக்குதான் நஷ்டச் சரக்கு!

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியதில்லை என்று 1963-ல் ஆயிற்று. அதே கணக்கு அடுப்படிக்கும் வந்து, இன்று கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. பீர்ஸ்மித், ப்ரூஃபாதர் என்று மென்பொருள்கள் பல. எதைத் தேர்ந்தெடுப்பது?

எத்தனை பக்குவக் குறிப்புகள் அதில் இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். நம் பாத்திரத்தில் எவ்வளவு நீர் ஆவியாகிறது, அடியில் எவ்வளவு தங்கிவிடுகிறது, மால்ட்டின் சத்தில் எத்தனை பங்கு நம் கைக்கு வருகிறது - இவற்றை நம்மிடம் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுகிறதா என்று பாருங்கள். கேட்காத மென்பொருள் யாரோ ஒருவர் வீட்டுப் பாத்திரத்துக்குக் கணக்குச் சொல்கிறது. கேட்டாலும், மிதவைக் கருவியை எடுத்து நாமே ஒரு முறை அளந்து சரிபார்க்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால், அந்தத் தந்தைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர் நாக்கை நம்பினார்; நாம் திரையை நம்புகிறோம்.