கனெடிகட் பேபி பாண்ட்ஸ் திட்டம்

கனெடிகட் பேபி பாண்ட்ஸ் என்பது அமெரிக்காவின் கனெடிகட் மாநில அரசு, ஏழைக் குடும்பங்களில் பிறக்கும் குழந்தைகளுக்காக நடத்தும் அறக்கட்டளை நிதித் திட்டம். வசதி குறைந்தோருக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம் அம்மாநிலத்தில் ஹஸ்கி என்று அழைக்கப்படுகிறது. 2023 ஜூலை 1 முதல் ஹஸ்கி உதவியுடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்காகவும் மாநிலக் கருவூலம் 3,200 டாலரை முதலீடு செய்கிறது. அக்குழந்தை 18 வயதை எட்டியபின், 30 வயதுக்குள், வளர்ந்த தொகையைக் கல்விக்கோ, வீடு வாங்கவோ, தொழில் தொடங்கவோ, ஓய்வூதியச் சேமிப்புக்கோ பெற்றுக்கொள்ளலாம். இத்தகைய திட்டத்தைச் சட்டமாக்கியதோடு நிற்காமல், பணமும் ஒதுக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் அமெரிக்க மாநிலம் கனெடிகட்.

கருத்தின் வேர்கள்

வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞர் ஒவ்வொருவருக்கும் சமூகம் ஒரு முதலைத் தர வேண்டும் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெயின் 1797இல் வெளியிட்ட ‘அக்ரேரியன் ஜஸ்டிஸ்’ என்ற சிறுநூலில், 21 வயதை எட்டும் எல்லோருக்கும் 15 பவுண்டு வழங்க வேண்டும் என்று வாதிட்டார். நிலம் இயற்கையில் அனைவருக்கும் பொதுவானது. அது தனியுடைமை ஆனதால் பங்கை இழந்தவர்களுக்கு ஈடு தரப்பட வேண்டும். அதற்கான பணத்தை வாரிசுச் சொத்துகளின் மீது விதிக்கும் வரியிலிருந்து திரட்டலாம் என்பது அவர் வாதம்.

இந்தச் சிந்தனைக்கு 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் புத்துயிர் அளித்தவர் அமெரிக்கச் சமூகநல ஆய்வாளர் மைக்கேல் ஷெராடன். 1991இல் வெளிவந்த ‘அசெட்ஸ் அண்ட் தி புவர்’ என்ற நூலில், ஏழைகளுக்கான அரசு உதவி முழுவதும் அன்றாட வருமானத்தையே குறிவைக்கிறது, சொத்து சேர்வதற்கு அது வழி செய்வதில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். அன்றைய விதிகள் இதற்கு ஒரு படி மேலே போயின. குழந்தைகளுடன் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கான முதன்மை உதவித் திட்டத்தில், கையிருப்பு 1,000 டாலரைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டுக்கடன் வட்டியிலும் ஓய்வூதியச் சேமிப்பிலும் வரிச்சலுகை தந்து சேமிக்கத் தூண்டிய அதே அரசு, ஏழையைச் சேமித்ததற்காகத் தண்டித்தது.

ஷெராடனின் கருத்து 2007இல் ஓக்லஹோமா மாநிலத்தில் களச் சோதனைக்கு வந்தது. சுமார் 2,700 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் கல்விச் சேமிப்புக் கணக்கில் 1,000 டாலர் போடப்பட்டது. பணத்தை எடுக்கும் வயதை எட்டுவதற்கு வெகு முன்பே மாற்றங்கள் தென்பட்டன. கணக்கு பெற்ற குழந்தைகளின் தாய்மாரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. பிள்ளையின் படிப்பைப் பற்றிய எதிர்பார்ப்பு கூடுதலாக இருந்தது. குழந்தைகளின் சமூக, உணர்வு வளர்ச்சியிலும் முன்னேற்றம் காணப்பட்டது. இந்தப் பலன் வசதி குறைந்த குடும்பங்களில் பெரிதாக இருந்தது.

இந்திய முன்னோடிகள்

அரசே குழந்தையின் பெயரில் பணம் போடும் முறையில் இந்திய மாநிலங்கள் அமெரிக்காவுக்கு முந்தியவை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு 1992இல் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் திருத்தப்பட்ட வடிவில், ஒரே பெண் குழந்தை உள்ள ஏழைக் குடும்பத்துக்கு 50,000 ரூபாயும், இரண்டு பெண் குழந்தைகள் எனில் தலா 25,000 ரூபாயும் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் வைப்பீடு செய்யப்படுகின்றன. பெண்ணுக்கு 18 வயது நிறைந்ததும் வட்டியுடன் முதிர்வுத் தொகை கிடைக்கும். ஆண் குழந்தை இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்திருக்க வேண்டும், பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

ஹரியானா 1994இல் தொடங்கிய ‘அப்னி பேட்டி அப்னா தன்’ திட்டம் பெண் குழந்தையின் பெயரில் 2,500 ரூபாய்க்குச் சேமிப்புப் பத்திரம் வாங்கியது. 18 வயதில் மணமாகாமல் இருந்தால் அவளுக்கு 25,000 ரூபாய் என்பது வாக்குறுதி. பத்திரங்கள் 2012இல் முதிரத் தொடங்கியபின் நடந்த ஆய்வு, திட்டம் திருமண வயதைத் தள்ளிப்போடவில்லை என்று கண்டது. பல குடும்பங்கள் அதைக் கல்யாணச் செலவுக்கு அரசு தரும் பணமாகவே எடுத்துக்கொண்டிருந்தன. பணத்தை ஒதுக்குவது ஒரு வேலை. அது எதற்கு என்பதைப் பெண்ணுக்கும் வீட்டாருக்கும் புரியவைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவது திசைமாறிவிடும் என்பதற்கு ஹரியானா சான்று.

பிரிட்டனின் அனுபவம்

நாடு முழுவதற்குமான முதல் பெரிய முயற்சி பிரிட்டனின் குழந்தை அறக்கட்டளை நிதி. லேபர் கட்சி அரசு 2004இல் இதற்குச் சட்டம் இயற்றி, 2005இல் நடைமுறைப்படுத்தியது. 2002 செப்டம்பர் 1 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 250 பவுண்டு பற்றுச்சீட்டு வந்தது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 500 பவுண்டு. பெற்றோர் அதைக் கொண்டு வங்கியிலோ முதலீட்டு நிறுவனத்திலோ கணக்கு தொடங்க வேண்டும். ஓராண்டுக்குள் தொடங்காவிட்டால் வரித்துறையே தொடங்கிவிடும்.

2010இல் பதவியேற்ற கூட்டணி அரசு, பற்றாக்குறையைக் குறைக்கவென்று இத்தொகையை முதலில் வெட்டியது. 2011 ஜனவரி 2க்குப் பின் பிறந்தவர்களுக்குத் திட்டமே இல்லாமல் போனது. அதற்குள் சுமார் 63 லட்சம் கணக்குகள் உருவாகியிருந்தன. முதல் கணக்குகள் முதிர்ந்தது 2020 செப்டம்பரில். அதாவது, பலன் ஒன்றையும் பார்க்காமலே திட்டம் மூடப்பட்டது. கணக்குகளில் கால் பங்குக்கும் மேல் வரித்துறை தொடங்கியவை. அவற்றில் பலவற்றுக்கு உரியவர்களுக்குத் தம் பெயரில் பணம் இருப்பதே தெரியாது. 18 வயதைத் தாண்டிய லட்சக்கணக்கான இளைஞர்கள் தம் பணத்தைக் கேட்டு வராமல் இருப்பதும், அவர்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்பதும் இத்திட்டத்தின் மிக வேதனையான பாடம்.

டாரிட்டி–ஹாமில்டன் முன்மொழிவு

கனெடிகட் திட்டத்தின் நேரடி மூலம், பொருளியலாளர்கள் வில்லியம் டாரிட்டியும் டாரிக் ஹாமில்டனும் 2010இல் எழுதிய கட்டுரை. அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான செல்வ இடைவெளியை வருமான வேறுபாட்டால் மட்டும் விளக்க முடியாது என்று அவர்கள் காட்டினர். ஒரே அளவு படித்து ஒரே அளவு சம்பாதிக்கும் இருவரில், தாத்தா பாட்டியின் வீடும் சேமிப்பும் கைமாறி வந்தவர் முன்னே நிற்கிறார். அப்படி எதுவும் வந்துசேராதவர், அடிமை முறையும் அதன் பின் வந்த சட்டங்களும் பறித்ததன் சுமையைத் தாங்குகிறார். 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் அமைப்பு, கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களை வரைபடங்களில் சிவப்பால் குறித்து ஆபத்தான பகுதி என்று ஒதுக்கியது. கனெடிகட்டின் தலைநகரான ஹார்ட்ஃபோர்டும் அப்படி வரையப்பட்ட நகரம். அமெரிக்க மத்திய வங்கியின் 2019 கணக்கெடுப்பில், வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் செல்வம் 1,88,200 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 24,100 டாலர்.

பிறக்கும் குழந்தைக்குக் குடும்பச் செல்வத்தின் அளவைப் பொறுத்து அரசு ஒரு நிதியை ஒதுக்கட்டும் என்பது இருவரின் தீர்வு. குடும்பம் எவ்வளவு ஏழையோ, அவ்வளவு பெரிய தொகை. இனத்தைக் கேட்காமல் செல்வத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வதால் ஏழை வெள்ளையர் குழந்தைக்கும் இது கிடைக்கும். இன இடைவெளியும் சுருங்கும். நியூ ஜெர்சி செனட்டர் கோரி புக்கர் இதை 2018இல் கூட்டரசு மசோதாவாக்கினார். பிறப்பில் 1,000 டாலர், பின் ஆண்டுதோறும் குடும்ப வருமானத்துக்கு ஏற்ப 2,000 டாலர் வரை என்றது மசோதா. அது நிறைவேறவில்லை. வாய்ப்பு மாநிலங்களிடம் வந்தது.

சட்டமும் இழுபறியும்

கனெடிகட் அமெரிக்காவின் செல்வச் செழிப்பான மாநிலங்களில் ஒன்று. அதன் தென்மேற்கு முனையில் முதலீட்டு நிறுவன அதிபர்கள் வாழும் கிரீன்விச் இருக்கிறது. சற்றுத் தொலைவிலேயே தொழிற்சாலைகளை இழந்த பிரிட்ஜ்போர்ட் இருக்கிறது. இந்த இடைவெளியை முன்வைத்து மாநிலக் கருவூலர் ஷான் வுடன் திட்டத்தை வகுத்தார். 2021இல் சட்டமன்றம் அதை நிறைவேற்ற, ஆளுநர் நெட் லமான்ட் ஒப்பமிட்டார். ஆண்டுக்கு 5 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகளுக்குக் கடன் பத்திரம் விற்று நிதி திரட்டுவது ஏற்பாடு.

சட்டம் வந்தது, பணம் வரவில்லை. நீண்டகாலக் கடன் வாங்கி இதை நடத்துவதில் ஆளுநருக்கு உடன்பாடு இல்லை. திட்டத்தின் தொடக்கம் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. 2023 ஜனவரியில் கருவூலராகப் பொறுப்பேற்ற எரிக் ரஸ்ஸல் முடிச்சை வேறு வழியில் அவிழ்த்தார். ஆசிரியர் ஓய்வூதியத்துக்காக விற்ற பத்திரங்களுக்குப் பிணையாக மாநிலம் ஒரு பெருந்தொகையை ஒதுக்கி வைத்திருந்தது. அந்தப் பிணைக்குப் பதிலாகக் காப்பீடு எடுத்துவிட்டு, விடுபட்ட சுமார் 38 கோடி டாலரைக் குழந்தைகளுக்குத் திருப்பினார். புதுக் கடன் தேவைப்படவில்லை, ஆளுநரும் இசைந்தார். 2023 ஜூலை 1 அன்று திட்டம் உயிர்பெற்றது.

செயல்முறை

விண்ணப்பம் கிடையாது. பிரசவச் செலவை ஹஸ்கி ஏற்றிருந்தால் குழந்தை தானாகவே சேர்க்கப்படும். ஆண்டுக்குச் சுமார் 15,000 குழந்தைகள் இவ்வாறு சேர்கிறார்கள். பெற்றோர் பணம் போட வேண்டியதில்லை. போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. எல்லாக் குழந்தைகளின் பணமும் ஒரே தொகுப்பாகக் கருவூலத்தால் முதலீடு செய்யப்படுகிறது. குடும்பத்துக்குக் கிடைக்கும் பிற அரசு உதவிகளுக்கான தகுதியைக் கணக்கிடும்போது இத்தொகை சேர்க்கப்படுவதில்லை. ஷெராடன் சுட்டிய பழைய தண்டனை இங்கே நீக்கப்பட்டிருக்கிறது.

முதலீடு ஆண்டுக்கு 7 விழுக்காடு அளவில் வளர்ந்தால், 3,200 டாலர் 18 வயதில் ஏறத்தாழ 11,000 டாலராகவும், 30 வயதுவரை காத்திருந்தால் சுமார் 24,000 டாலராகவும் ஆகும். பணம் பெறும்போது கனெடிகட்டில் வசிக்க வேண்டும். நிதியறிவுப் பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும். வீடோ தொழிலோ எனில் அது மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியத் திட்டங்களின் நிபந்தனைகள் பெரும்பாலும் பெற்றோரின் நடத்தையையும் பெண்ணின் திருமணத்தையும் பற்றியவை. இங்கே நிபந்தனை பணத்தின் பயனைப் பற்றியது. குழந்தையின் உரிமையைப் பெற்றோரின் செயலோடு பிணைக்காதது இத்திட்டத்தின் பெரும் பலம்.

விமர்சனங்கள்

டாரிட்டியும் ஹாமில்டனும் மிக ஏழைக் குழந்தைக்குக் கருதிய தொகை பல்லாயிரம் டாலர். அதோடு ஒப்பிட்டால் 3,200 டாலர் சிறிய தொடக்கம். 18 ஆண்டு விலைவாசி உயர்வு அதன் மதிப்பை மேலும் அரிக்கும். சந்தை சரிந்தால் கணிப்பு பொய்க்கும். இன்று வாடகைக்குத் திண்டாடும் தாய்க்கு இதனால் உடனடி உதவி இல்லை என்பதும், வேலை தேடி வெளிமாநிலம் போகும் இளைஞர் பணத்தை எடுக்க முடியாது என்பதும் நியாயமான குறைகள். உடனடி உதவி இல்லை என்ற குறைக்கு மறுமொழி, இதை உணவு, வீட்டு வாடகை உதவிகளுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது என்பதே. பசியை ஆற்றும் உதவியைக் குறைத்துவிட்டு இதைத் தருவது, ஒரே குடும்பத்தின் இடக்கையில் எடுத்து வலக்கையில் கொடுப்பதாகும்.

பிற இடங்களில்

வாஷிங்டன் டி.சி. 2021இல் இதேபோன்ற சட்டம் இயற்றியது. கலிபோர்னியா 2022இல், கோவிட் தொற்றில் பெற்றோரை இழந்த ஏழைக் குழந்தைகளுக்கும் நீண்டகாலம் அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருப்போருக்கும் அறக்கட்டளை நிதி ஏற்படுத்தியது. 2025இல் கூட்டரசு, 2025 முதல் 2028 வரை பிறக்கும் அமெரிக்கக் குடிமக்களான குழந்தைகளுக்கு 1,000 டாலர் தரும் கணக்குகளைச் சட்டமாக்கியது. அதில் ஏழை, பணக்காரர் வேறுபாடு இல்லை. ஆண்டுக்கு 5,000 டாலர் வரை குடும்பத்தார் சேர்த்துப் போடலாம் என்பதால், கூடுதலாகப் போட முடிந்த வீட்டுக் குழந்தையே அதில் கூடுதலாகப் பெறும். கனெடிகட் தேர்ந்த வழி இதற்கு நேர்மாறானது.

திட்டத்தின் எதிர்காலம்

கனெடிகட்டில் முதலில் சேர்ந்த குழந்தைகள் 2041இல்தான் பணம் எடுக்கத் தகுதி பெறுவார்கள். கையிலுள்ள நிதியோ 12 ஆண்டுப் பிறப்புகளுக்கானது. 2035 வாக்கில் அது தீர்ந்துவிடும். எனவே, ஒருவர்கூடப் பணம் பெறுவதற்கு ஆறு ஆண்டு முன்பே, திட்டத்தைத் தொடர்வதா என்று அன்றைய சட்டமன்றம் முடிவெடுக்க வேண்டியிருக்கும். பலனைக் கண்ணால் காணும்வரை காத்திருக்க முடியாத இந்த நிலையில்தான் பிரிட்டனின் திட்டம் வெட்டப்பட்டது. ஆட்சிகள் நான்கைந்து ஆண்டுகளில் மாறும். குழந்தை வளர 18 ஆண்டு பிடிக்கும். இடையில் வரும் ஒவ்வொரு அரசும் முந்தைய அரசின் வாக்கைத் தன் வாக்காக ஏற்றால் மட்டுமே இத்தகைய நிதி அதற்குரிய பிள்ளையைச் சென்றடையும். தனக்காக வாதாட முடியாத வயதில் ஒரு குழந்தைக்குத் தரப்பட்ட வாக்கு என்பதால், அதைக் காக்கும் கடமை மற்ற எந்தச் செலவினத்தையும்விடக் கூடுதலாக அரசைச் சார்ந்தது.