பழுதுகளின் காலவரிசை

ஒரு டேப் கேமரா எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தேட வேண்டியதில்லை. அது எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். பழைய கேம்கார்டர்களைத் திறந்து பார்க்கும் பழக்கத்தில் எனக்கு மெல்லப் பிடிபட்ட விஷயம் இது. ஒவ்வொரு தலைமுறைக் கேமராவுக்கும் ஒரு பழுது உண்டு. அதன் பின்னால் பெரும்பாலும் கேமராவைச் சின்னதாக்கிய அவசரமும் உண்டு.

1983இல் சோனியின் பீட்டாமூவியில் கேமராவும் ரெக்கார்டரும் ஒரே உடலுக்குள் வந்தன. தோளில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பதிவு செய்யும், போட்டுக் காட்டாது. ஆறே வருடத்தில், 1989இல், அதே நிறுவனத்தின் டிஆர்55 வெறும் 790 கிராமுக்கு இறங்கிவிட்டது. பாஸ்போர்ட் அளவு என்று ஜப்பானில் விளம்பரம் செய்தார்கள்.

அந்தச் சுருக்கத்தின் விலை பின்னால்தான் தெரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த பல ஹை8 கேமராக்களில் பொடிப்பொடி கெப்பாசிட்டர்களைப் போர்டின் மேலேயே பற்றவைத்திருந்தார்கள். வருடங்கள் போகப் போக அவற்றுக்குள் இருக்கும் திரவம் ரப்பர் அடைப்பைத் தாண்டிக் கசிந்து, செம்புத் தடங்களை அரித்துவிடும். சிலதில் சத்தம் போகும், சிலதில் படம் இருளும், சிலதில் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. மூடியைக் கழற்றினால் குப்பென்று மீன் வாடை அடிக்கும். அதற்கு மேல் மீட்டர்கூடத் தேவையில்லை.

1995இல் மினிடிவி வந்தது. டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு போல. நிமிடத்துக்கு 9000 முறை சுற்றும் உருளையில் உள்ள ஹெட் அதைத் தொட்டுப் படிக்கிறது. துளி தூசு ஒட்டினாலும் படம் சதுரம் சதுரமாக உடையும். ஹேண்டிகேம் திரையில் ‘சி:22’ வந்தால் ஹெட்டில் அழுக்கு. உலர் கிளீனிங் கேசட்டைச் சில விநாடிகள் ஓட்டினால் போதும். மேலே ஓட்டினால் ஹெட் தேயும். ‘சி:21’ என்றால் உள்ளே ஈரம். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்குள் எடுத்துவரும்போது உருளையில் நீர் கோத்துக்கொள்ளும், டேப் அதில் ஒட்டிச் சிக்கும். கேசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

2005 அக்டோபரில் இன்னொரு பழுது வெளியே வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் தன் சிசிடி சென்சார்கள் சில செயலிழக்கலாம் என்று சோனி அறிவித்தது. அதனிடம் சென்சார் வாங்கிய கேனான், நிக்கான் போன்றவையும் இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தன. நம்ம ஊர் மே மாதம் போதும் அதற்கு. படம் பிடிக்கும்போது திரை கறுப்பாகவோ கோடுகோடாகவோ இருந்து, பழைய கேசட் மட்டும் ஒழுங்காக ஓடினால், கோளாறு சென்சார் பக்கம். டேப் ஓடும் பகுதி நன்றாகவே இருக்கிறது. அந்தக் கேமராவைத் தூக்கி எறியக்கூடாது. அது இனி நல்ல பிளேயர்.

ரிச்சி தெருவில் பழுது பார்க்கும் ஒரு அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். “அதெல்லாம் சரி தம்பி, முதல்ல கேசட்ட வெளிய எடுங்க. கேமரா போனா வேற வாங்கிக்கலாம்” என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி சட்டம். சோதிப்பதற்கு ஒருபோதும் கல்யாணக் கேசட்டைப் போடக்கூடாது, எதுவும் இல்லாத கேசட்டைத்தான் போட வேண்டும். இரண்டாம் பாதிக்குத்தான் காலம் தீர்ந்துகொண்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது: 2025க்குள் டிஜிட்டலாக்கப்படாத டேப்புகளில் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும் என்று. டேப் மக்குவது மட்டும் காரணமல்ல, ஓட்டுவதற்கு இயந்திரம் இருக்காது என்பதும்தான். 2016 ஜூலையோடு ஜப்பானின் ஃபுனாய் விசிஆர் தயாரிப்பதை நிறுத்தியது. 2025இல் ஆப்பிள் தன் புதிய இயங்குதளத்திலிருந்து, மினிடிவியை நகலெடுக்க உதவிய ஃபயர்வயரையும் எடுத்துவிட்டது.

அதனால் நான் இப்போது வரிசையை மாற்றிக்கொண்டேன். ஓடுகிற கேமரா ஒன்று கையில் கிடைத்தால் முதலில் நகல், பிறகுதான் ரிப்பேர். ஒரு மணி நேரக் கேசட்டை நகலெடுக்க முழுசாக ஒரு மணி நேரம் பிடிக்கும். குறுக்குவழி கிடையாது. உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.