பஞ்சமி நிலமும் பேராசிரியர்களின் ஆய்வும்

பொது நிர்வாகப் பேராசிரியர்களின் ஆய்வுத் துறைப் பட்டியலில் நாங்கள் முதலில் தேடுவது ‘பஞ்சமி நிலம்’ என்ற சொல்லைத்தான்.

சைதாப்பேட்டையும் சேர்ந்திருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், 1891இல் பறையர் நிலை குறித்து விரிவான அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் நிலங்கள் கைமாறின. அதே மாவட்டத்தில், 1994 காரணை நில மீட்புப் போராட்டத்தின்போது காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம்.

அடையாறில் 1971இல் மால்கம் ஆதிசேசையா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எம்.எஸ்.எஸ். பாண்டியன், சாதியைத் தன் ஆய்வின் மையத்தில் வைத்தார். அந்த வழி இருக்கிறது.

ஓர் அறிக்கை அரசாணையானது. அந்த ஆணை தந்த நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது? பேராசிரியர்களே, அ-பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.